பின்னறையின் கூரை

இருபத்திரண்டு வருடமாக அவள் வீடுகள் வரைகிறாள். ஒன்றுக்குக்கூடக் கூரை போட்டதில்லை.

அலுவலகத்தில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு, கழிவுநீர் போகும் வழி எல்லாம் அவள் மேசை. கூரை மட்டும் சாருடைய மேசை. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவன் போட்ட கூரையில் சரிவு மாறிப்போய், முதல் மழையிலேயே நனைந்த மெத்தையை வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி வந்து அலுவலக வாசலில் போட்டுவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து சார் கூரையை யாரிடமும் கொடுப்பதில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே போடுவார். அவள் வரைந்த வீடுகள் மொட்டையாகவே அவள் மேசையைவிட்டுப் போயின. காகிதத்தில் திரும்பி வரும்போது தலையில் ஏதோ இருக்கும். அதை அவள் உற்றுப் பார்த்ததில்லை.

அவள் மேசை கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலியின் முதுகைத் தொட்டுக்கொண்டு போவார்கள். பிளான் அக்கா என்பார்கள். பக்கத்து மேசைக்காரன் வாய் ஓயாதவன். அவன் பெயர் ரேடியோ.

திருமணம் நாலு வருடம் இருந்தது. அது முடிந்தபோது ஒரு பெட்டியுடன் தம்பி வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் இருக்கிறேன் என்று சொல்லி வந்தவள். பத்தொன்பது வருடம் ஆகிறது. இதற்குள் தம்பி மூன்று வாடகை வீடு மாறினான். மூன்றிலும் அவளுக்கு ஹால்தான். மடக்குக் கட்டில். துணிமணி டிவிக்குக் கீழே உள்ள அலமாரியில். உடை மாற்றக் குளியலறை. தம்பி செய்தி பார்த்து முடித்து, தம்பி மகள் பாட்டு கேட்டு முடித்து, எல்லோரும் எழுந்து போன பிறகு அவளுக்குப் படுக்கை விழும். காலையில் வாசல் மணி அடித்தால் முதலில் கட்டிலை மடிப்பாள், பிறகுதான் கதவைத் திறப்பாள். பால்காரருக்கு இது தெரியும். மணியை அடித்துவிட்டுக் காத்திருப்பார்.

யாரும் அவளைக் கடிந்து பேசியதில்லை. தம்பி மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மருத்துவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பழகியவன், வீட்டிலும் அதே சிரிப்பு. தம்பி மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். சமையலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வரும். அதுவும் ஹாலுக்குத்தான் வரும்.

அப்பாவின் வீட்டை விற்று ஊருக்கு வெளியே மனை வாங்கியபோது, கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டிக்கொண்டே தம்பி சொன்னான்.

"அக்கா, வீடு கட்டும்போது பின்னால உனக்குத் தனியா ஒரு ரூம். தனி வாசல். நானே வந்தாலும் கதவைத் தட்டிட்டுத்தான் வரணும். போதுமா?"

"போதும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

கட்டும் நேரம் வந்தபோது, "எதுக்கு வெளிய குடுக்கணும்? வீட்லயே ஆள் இருக்கே" என்றான். தன் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைத்த வீடு வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். அவள் தினம் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கட்டிலை மடித்து வைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தாள்.

முன்கட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஹால், சமையலறை, தம்பிக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை. பின்னறைதான் நாட்களை இழுத்தது. மனை பின்பக்கம் சரிந்து இறங்கியது. அதனால் அந்த அறையின் தரையை முன்கட்டைவிட இரண்டு அடி தாழ்த்தினாள். சமையலறைப் பக்கத்து நடையில் ஒரு கதவு, நாலு படி, அதன் கீழே அறை. பன்னிரண்டுக்குப் பதினொன்று. மூலையில் சின்னக் குளியலறை. வெளியே போக இன்னொரு கதவு. ஜன்னலை மூன்று தடவை இடம் மாற்றினாள். அடுத்தவர் வீட்டு ஜன்னலை அவள் ஒரு தடவைக்கு மேல் மாற்றியதில்லை. கட்டிலில் படுத்தால் எது தெரியும் என்று பார்த்தாள். அலமாரிக்கு ஓர் அடி எட்டு அங்குல ஆழம் கொடுத்தாள். பெட்டியை உள்ளே படுக்க வைக்கலாம்.

பிறகு கூரை என்ற பொத்தானை அழுத்தினாள்.

முன்கட்டின் மேல் சிவப்பு ஓட்டுக் கூரை அழகாக வந்து உட்கார்ந்தது. பின்னறைக்குத் தனியாக ஒரு குட்டிக் கூரை வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. பெரிய கூரையின் ஓரம் சின்னக் கூரையைக் கத்தி போல அறுத்துக்கொண்டு போனது. சேருகிற இடத்தில் ஒரு முக்கோண ஓட்டை. மென்பொருளில் வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். நடையிலிருந்து கதவைத் திறந்து, நாலு படி இறங்கி, தன் அறைக்குள் நின்று நிமிர்ந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி வானம். சரிவை மாற்றினாள். ஓட்டை பெரிதானது. ஒரு வாரம் இப்படியே போனது.

சாரிடம் கேட்க முடியாது. வெளியாருக்குத் தனியாக வரைந்து கொடுத்தால் வேலை போய்விடும். மச்சானுக்கு ஒரு வீடு வரைந்து கொடுத்தவன் அன்று மாலையே தன் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே போனதை அவள் பார்த்திருக்கிறாள். ரேடியோவிடம் பட்டும் படாமலும் கேட்டாள்.

"உயரம் வேற வேறயா ரெண்டு கட்டு இருந்தா கூரை எப்படிச் சேரும்?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? கூரையெல்லாம் சாரோட குடும்ப ரகசியம். அவர் சம்சாரத்துக்கே சொல்ல மாட்டாராம்."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சி இல்லையே இது." ரேடியோ குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினாலும் நாலு மேசைக்குக் கேட்கும். "உங்க மொபைலைக் குடுங்க. ஒரு குழு இருக்கு. இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க எல்லாம் அங்கதான் போய் அழுவாங்க. அதுல ஒருத்தர் இருக்காரு, கூரை டாக்டர்."

"படிச்ச ஆளா?"

"யாருக்குத் தெரியும்? நல்லா சொல்லுவாரு. காசு வாங்க மாட்டாரு. அதனால கொஞ்சம் லூசா இருக்கலாம்."

கூரை டாக்டர் எந்த ஊர், என்ன வேலை என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. படத்தின் இடத்தில் ஒரு குடை இருந்தது. எவருக்கு எந்தக் கூரை கோணினாலும் வந்து பொறுமையாகப் பேசி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் குழுவைத் தம்பியின் லேப்டாப்பிலும் திறந்து, வீட்டின் கோப்பை அனுப்பிவைத்தாள். கால் மணி நேரத்தில் குரல்பதிவாகப் பதில் வந்தது. அவள் நினைத்ததைவிட இளைய குரல்.

"அக்கா, வீடு நல்ல வீடு. சுவரெல்லாம் கை தேர்ந்த ஆள் போட்ட மாதிரி இருக்கு. பின்னால ஒட்டிக்கிட்டிருக்கிற அந்த ரூம்தான் வில்லன். அது என்ன, ஸ்டோர் ரூமா?"

ஹாலில் தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதை நெருங்கும் ஒருத்தி, தனக்கு ஓர் அறை வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவனுக்கு எப்படி எழுதுவது? அதுவும் இத்தனை பேர் படிக்கிற இடத்தில்.

'ஆமாம், ஸ்டோர்தான்' என்று எழுதினாள்.

"அப்படீன்னா விடுங்க. பார்த்துட்டு அனுப்புறேன்."

மறுநாள் அலுவலகத்தில் வேலை நெருக்கியது. மொபைலைப் பார்க்கவில்லை. மாலை வீட்டுக்குள் நுழையும்போதே தம்பி மனைவி எதிரே வந்தாள். பள்ளிக்கூட அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அண்ணி! கூரை என்னமா வந்திருக்கு! சினிமால காட்டுற வீடு மாதிரி இருக்கு."

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. தம்பி அன்று மதியமே வீடு திரும்பிவிட்டான். டாக்டர் அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து வைத்திருந்தான். முன்கட்டு மட்டும் நின்றது. நாலு பக்கமும் சரிந்து இறங்கிய கூரை, ஒரு கோடுகூடக் கோணல் இல்லை. பின்பக்கம் வெறும் பச்சைத் தரை. அவளுடைய மூன்று சுவர்களையும் டாக்டர் எடுத்திருந்தார். பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: 'ஸ்டோரை எடுத்துட்டேன் அக்கா. ஒரே கிளிக்கில் கூரை உட்கார்ந்துவிட்டது. சாமான் வைக்கத் தனியாக ஒரு ஷெட் போட்டுக்கோங்க.'

அதற்கு மேலே 'ஆமாம், ஸ்டோர்தான்' என்று அவள் எழுதியதும் இருந்தது.

"இது மாதிரிக்குதான்" என்றாள். "ரூமை இன்னும் சேர்க்கல. அவருக்குத் தெரியாம எடுத்துட்டாரு."

தம்பியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது அவளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஓ" என்றான் தம்பி. "சரி, சேர்த்துப் பாரு."

செவ்வாய் காலை ஐந்து மணிக்கு டாக்டருக்குத் தனியாக எழுதினாள். குழுவில் இல்லை. 'அது ஸ்டோர் இல்லை. ஒரு ஆள் இருக்கப்போகிற அறை. எடுக்க முடியாது.'

ஆறரை மணிக்குப் பதில் வந்தது. "மன்னிச்சுக்கோங்கக்கா. யாரு, பெரியவங்களா? படி இறங்கணுமே, முட்டி தாங்குமா?"

'நான்தான்' என்று எழுதினாள்.

பிறகு நீளமாக ஒரு குரல் வந்தது. வண்டிச் சத்தம் பின்னால் கேட்டது, நடந்துகொண்டே பேசியிருக்கிறார்.

"சரிக்கா. அப்போ கஷ்டமான வழியிலயே போவோம். உங்க ரூம் தரை ரெண்டடி கீழ இருக்கு. சுவர் அதே பத்தடி போட்டிருக்கீங்க. அதனால சுவர் மேல்மட்டம் ரெண்டடி இறங்கிப்போச்சு. இந்த சாஃப்ட்வேருக்கு மேல்மட்டம் ஒன்னா இல்லைன்னா ரெண்டு வீடுன்னுதான் தோணும், ஒட்டவே ஒட்டாது. முதல்ல உங்க சுவரைப் பன்னிரண்டடி ஆக்குங்க. பொத்தானை நம்பாதீங்க. உங்க கூரையைக் கையால போடுங்க. அதோட முகடு பெரிய கூரையோட சரிவுல போய் முட்டுற வரைக்கும் நீட்டுங்க. ரெண்டு சரிவும் சேர்ற பள்ளத்தைக் கூடுவாய்னு சொல்லுவாங்க. அதுல தண்ணி ஓட வழி இருக்கணும். அவ்வளவுதான். ஒரு நன்மை, உங்க ரூம்ல காத்து நல்லா வரும். பன்னிரண்டடி உயரம் வீட்ல வேற யாருக்கும் இல்ல."

அன்று காலை முகட்டை அதிகமாக நீட்டிவிட்டாள். அது பெரிய கூரையைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் மூக்கு போல எட்டிப் பார்த்தது. தம்பி மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். "என்ன அத்தை, வீட்டுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றாள். அவளும் சிரித்துவிட்டாள். தம்பி மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். "அண்ணி, கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்றாள்.

புதன் காலை மூக்கு உள்ளே போனது. கூடுவாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழவில்லை. டீ வந்தது. அலுவலகத்தில் தாளின் ஓரத்தில் கூரையை வரைந்து வரைந்து பார்த்தாள். சார் போகிற வழியில் நின்று பார்த்தார். "இது என்னம்மா, கோலமா?" என்று கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

வியாழன் காலையும் டீ வந்தது. ஆறு மணி இருபது நிமிடத்துக்கு இரண்டு கூரையும் சேர்ந்தன. அவள் வீட்டுக்குள் நடந்து, கதவைத் திறந்து, படி இறங்கி, நின்று நிமிர்ந்தாள். மரச் சட்டமும் ஓட்டின் அடிப்பக்கமும் தெரிந்தன. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். அப்படியே இருந்தது. அவள் போட்ட முதல் கூரை.

தம்பி சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தான். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"சேர்ந்துடுச்சு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. இதை மேஸ்திரிக்கு அனுப்பிடு."

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். சிரித்தான். மருத்துவர்கள் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா, மேஸ்திரிக்கு ஏற்கனவே அனுப்பிட்டேனே."

"எதை?"

"அதான், அந்த சிம்பிளா இருந்ததை. அவருக்கு ரெண்டு வேலைக்கு நடுவுல பத்து நாள்தான் இடைவெளி. விட்டா ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவாராம். சுண்ணாம்புக் கோடு போட்டுட்டாங்க. நேத்துத் தோண்டவே ஆரம்பிச்சாச்சு."

"எப்ப அனுப்பினே?"

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி.

"திங்கக்கிழமை" என்றான்.

"திங்கக்கிழமை எப்ப?"

"மதியம்."

அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால். இவர்கள் கூரையைப் புகழ்ந்ததும் 'சேர்த்துப் பாரு' என்றதும் அனுப்பியதற்குப் பிறகு. செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் டீ.

"அது என் ரூம்" என்றாள். இந்தப் பத்தொன்பது வருடத்தில் 'என்' என்று அவள் சொன்ன பொருள்கள் ஒரு கையில் அடங்கும். வார்த்தை வாயில் புதிதாக இருந்தது.

"அக்கா, இல்லேன்னு யாரு சொன்னா? நீயே ஸ்டோர்னு எழுதியிருந்தே. நீயே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"அண்ணி பெரிய மனசு பண்ணிட்டாங்கன்னு நான்கூட இவர்கிட்ட சொன்னேன்" என்றாள் தம்பி மனைவி. குரலில் பொய் இல்லை என்று தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மூன்று நாளில் அவர்கள் அதை நம்பவும் தொடங்கியிருந்தார்கள்.

"செவ்வாக்கிழமை சொல்லியிருக்கலாமே. நான் இங்கதான உக்காந்திருந்தேன்."

"நீ அவ்வளவு ஆசையா போட்டுக்கிட்டிருந்தே" என்றான் தம்பி. "எப்படிச் சொல்றது? புது வீட்ல ஹால் இதைவிட ரெண்டு மடங்கு. உனக்கு ஒரு திரை போட்டுத் தரேன். ரூம் எங்கயும் ஓடிப்போகாது. பிளான்ல புள்ளிக்கோட்டுல போட்டு வை. அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்."

புள்ளிக்கோடு என்றால் பின்னால் கட்டப்போவது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு மாடி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு அம்மாவுக்கு ஓர் அறை. வருகிறவர்கள் கேட்பார்கள், அவள் போட்டுக் கொடுப்பாள். ரேடியோ அவற்றை மாமியார் ரூம் என்பான். மருமகள் முகம் மாறாமல் மாமியாருக்குக் கொடுக்கிற ஒரே ரூம் அதுதான் என்பான். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை போட்டிருப்பாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவற்றுள் ஒன்று சுவராக எழும்பியது என்று யாரும் வந்து சொன்னதில்லை.

"புள்ளிக்கோடு வேணாம்" என்றாள்.

அன்று அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். ரேடியோ "கூரை என்னாச்சுக்கா, டாக்டர் பிழைக்க வெச்சாரா?" என்று கேட்டான். "ம்" என்றாள்.

அடுத்த வாரம் மாலைகளில் வாடகைக்கு அறை தேடினாள். முதல் வீட்டில் ஒருவர் வாசற்கதவைப் பாதி திறந்தபடி, "தனியாவா? கூட யாரு?" என்றார். யாருமில்லை என்றதும் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டாவது, அச்சகத்துக்கு மேலே ஓர் அறை. தகரக் கூரை. கீழே இயந்திரம் ஓடும்போது தரை அதிர்ந்தது. உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தாள், தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் இதைக் கேள்விப்பட்ட தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? அக்காவைத் துரத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. எனக்கு இதைச் செய்யாதே" என்றான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் எல்லோரும் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. அவளும் தேற்றினாள்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த அன்று மேஸ்திரி போன் செய்தார். தம்பிக்குப் புரியவில்லை. போனை அவளிடம் கொடுத்தான்.

"அம்மா, இந்தப் பிளான் போட்டது நீங்கதானாமே? பின்சுவர்ல, நடையில ஒரு கதவு காட்டியிருக்கீங்க. அதைத் திறந்தா வெளிய ஒண்ணுமில்லையே. மண் தரை மூணரை அடி கீழ கிடக்கு. கதவு வேணுமா, அடைச்சுடவா?"

டாக்டர் அறையின் மூன்று சுவர்களைத்தான் எடுத்திருந்தார். நாலாவது முன்கட்டின் சுவர். அதில் இருந்த கதவு அப்படியே நின்றுவிட்டது.

"ஏன்க்கா, என்னவாம்?" என்றான் தம்பி.

தம்பி மனைவி சொன்னாள்: "அடைக்க வேணாம் அண்ணி. குப்பை கொட்ட, துணி காயப்போடப் போக வர வேணும்ல."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். மூன்றரை அடி, நாற்பத்திரண்டு அங்குலம். படிக்கு ஏழு அங்குலம்.

"கதவு இருக்கட்டும் மேஸ்திரி" என்றாள். "வெளிப்பக்கம் ஆறு படி போடுங்க. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் வைங்க. தெரியாம திறந்துட்டு யாராவது விழுந்துடப் போறாங்க."